என் சார்பில் இவர் பேசுவார்

போன வருடம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். திருப்பரங்குன்றத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெருவில் என் வாடகை வீடு இருக்கிறது. பள்ளிக்கூட ஆபீசில் அரை நாள் வேலை முடிந்து வந்து, உலையை இறக்கிவிட்டு, ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் என் கணவரின் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் காகிதங்கள்.

நானும் என் கணவரும் பிரிந்து இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஏன் பிரிந்தோம் என்பது இங்கே வேண்டாம். கோர்ட்டுக்கெல்லாம் போகவில்லை. அவர் மதுரையில் லாரி புக்கிங் ஆபீஸ் பக்கம் ஒரு அறை எடுத்துக்கொண்டு போனார், நான் மகளோடு இங்கே இருந்துவிட்டேன். அவ்வளவுதான். ஆகவே இந்த மனிதர் காகிதத்தோடு வந்து நின்றால் அது விவாகரத்துப் பத்திரமாகத்தான் இருக்க வேண்டும் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன். புளிக் கையைக் கழுவக்கூடத் தோன்றவில்லை.

"உள்ள வாங்க மாமா" என்றேன்.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, கவரை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, "ஒரு கையெழுத்துப் போடணும்த்தா" என்றார்.

"எதுக்கு?"

"அவனுக்காக நீ பேசணுமாம்."

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. முந்தைய வருடம்தான் என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்து, மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, குரல்வளையையே எடுத்திருந்தார்கள். கழுத்தில் ஓட்டை போட்டு அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு அத்தோடு நின்றுபோனது. கோயம்புத்தூரில் படிக்கிற என் மகள்தான் போனில் அழுதுகொண்டே எல்லாம் சொன்னாள். நான் ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து இந்த அண்ணன் படுத்திருந்தார். வாசலோடு நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உள்ளே போக எனக்கு உரிமை இருக்கிறதா இல்லையா என்றே அன்றைக்குத் தெரியவில்லை.

அண்ணன் விஷயத்தைச் சொன்னார். ஆபரேஷன் முடிந்ததும் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்துவிட்டது. பேரையூர் பக்கம் அண்ணன் தனக்கு இருந்த கிணற்றடி நிலத்தை அடமானம் வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கட்டியிருந்தார். மறுபடி பரிசீலிக்கச் சொல்லிக் கம்பெனிக்கே எழுதிப் பார்த்தார்கள். அதற்கும் முடியாது என்று பதில் வந்தது. இப்போது அதற்கும் மேலே, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற அதிகாரியிடம் மனு போயிருக்கிறது. வீடியோவில் விசாரணை. வக்கீல் வரக்கூடாதாம். பாதிக்கப்பட்டவருக்குப் பேச முடியாது என்பதால் குடும்பத்தில் ஒருவரை அவர் தன் சார்பில் நியமித்துக்கொள்ளலாமாம். அந்த நியமனக் கடிதம்தான், என் சம்மதக் கையெழுத்துக்காக, கவருக்குள் இருந்தது.

"கம்ப்யூட்டர் சென்டர்ல நாந்தான் பக்கத்துல நிக்கிறேன். என் பேரத்தான் அந்தப் புள்ள அடிக்கிறா. இவன் அவ கையத் தடுத்து, அழிக்கச் சொல்லி, ஒம் பேர எழுதிக் காட்டுறான்" என்றார். கவரை மடியிலேயே திருப்பி வைத்தார். "ஆஸ்பத்திரித் தரையில படுத்து எந்திரிச்சது நானு. டியூப்பு கழுவுனது நானு. எனக்கு ரெண்டு வார்த்தை பேசத் தெரியாதா?"

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதே சமயம் கோபமும் வந்தது. நாங்கள் பிரிவதற்கு முன்னால் நடந்த பஞ்சாயத்துகளில் எல்லாம் என் கணவர் வாயைத் திறந்ததே கிடையாது. அவருக்கும் சேர்த்து இந்த அண்ணன்தான் பேசினார், கடுமையாகவே பேசினார். குரல் இருந்த காலத்தில் அண்ணனைப் பேசவிட்டவர், குரல் போன பிறகு என்னைப் பேசச் சொல்கிறார் என்றால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

கையெழுத்துப் போடவில்லை. அவரையே நேரில் கேட்டுவிட்டுப் போடுகிறேன் என்று சொன்னேன். அண்ணன் மறுக்கவில்லை. சாப்பிடச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது, "நாளைக்கே வந்துருத்தா, நாளு இல்ல" என்றார்.

மறுநாள் பேரையூர் பக்கம் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினேன். திருமங்கலத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். தே.கல்லுப்பட்டி தாண்டினால் இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல், ஆங்காங்கே சோளத்தட்டை. கல்யாணமான புதிதில் எத்தனையோ தடவை போன வழிதான். ஆனாலும் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, வெயிலில் திரும்பி நடந்து வந்தேன். மனது ஓரிடத்தில் நிற்கவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு என் கணவர் அண்ணன் வீட்டில்தான் இருந்தார். என்னைக் கண்டதும் கட்டிலில் இருந்து எழுந்து நின்றார். மெலிந்து போயிருந்தார். கழுத்தை மறைத்து வெள்ளைத் துணி கட்டியிருந்தது. மூச்சு விடும்போது அந்தத் துணி லேசாக அசைந்தது. நான் முகத்தைப் பார்ப்பதா துணியைப் பார்ப்பதா என்று தெரியாமல் விழித்தேன்.

"ஏன் என்னையப் பேசச் சொல்றீங்க?" என்று நேராகவே கேட்டேன்.

அவர் உதட்டை அசைத்தார். சத்தமில்லாமல் வாய் மட்டும் பேசியது. எனக்கு ஒரு எழுத்துக்கூடப் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணன்தான் அதைப் பார்த்துச் சொன்னார்: "நீ வெவரமாப் பேசுவியாம்."

இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தவளுக்கு அவர் உதடு புரியவில்லை. அண்ணனுக்கு மட்டும்தான் புரிந்தது. அப்படி இருக்கும்போது அவரை விட்டுவிட்டு என்னை நியமிப்பதில் என்ன அர்த்தம்? மறுபடியும் கேட்டேன். "மாமா பேசுனா என்ன? அவுகளுக்குத்தான எல்லாம் தெரியும்?" அவர் தலையை ஆட்டி மறுத்தார். அண்ணனை ஒரு பார்வை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், மறுபடி உதட்டை அசைத்தார். "நீதான் பேசணுமாம்" என்றார் அண்ணன். தன்னை ஒதுக்குகிற வார்த்தையைத் தானே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்த அந்த மனிதரின் நிலைமை எனக்கு இப்போது நினைத்தாலும் ஒரு மாதிரி இருக்கிறது.

அண்ணன் மனைவி காபி கொண்டுவந்தார். குடித்தேன். அண்ணன் ஒரு நிமிடம்கூட அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஆத்திரமும் குழப்பமுமாக இருந்தாலும், அடமானத்தில் கிடக்கிற நிலம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். கேஸ் காகிதங்களின் நகலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ் திருமங்கலத்தை நெருங்கும்போது போனில் ஒரு மெசேஜ் வந்தது. என் கணவர்தான். பிரிந்த பிறகு அவரிடமிருந்து வந்த முதல் மெசேஜ் அது.

"அண்ணன்ட்ட சொல்லிறாத."

எதை? ஒன்றும் புரியவில்லை. "எதச் சொல்லக் கூடாது?" என்று திருப்பிக் கேட்டேன். பார்த்துவிட்டார் என்று நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. போன் பண்ணலாமா என்று நம்பரை எடுத்துவிட்டுத்தான், பண்ணி என்ன பிரயோசனம் என்று உறைத்தது. அவரால் பேச முடியாது என்பதை என் புத்தி இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து காகிதங்களைப் படித்தேன். கம்பெனி மறுத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். நோயாளிக்குப் பீடி, புகையிலைப் பழக்கம் இருந்திருக்கிறது, பாலிசி எடுக்கும்போது அதை மறைத்துவிட்டார், ஆகவே பணம் கிடையாது. அதற்கு ஆதாரம், ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எழுதிய குறிப்பு. பல வருடப் பழக்கம் என்று அதில் இருந்ததாம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாங்கள் பிரிவதற்கு முந்தைய வருடம்தான் அந்தப் பாலிசியை எடுத்தோம். இதே வீட்டில் உட்கார்ந்துதான் ஏஜென்ட் கேள்வி கேட்டார். சமீப வருடங்களில் பழக்கம் உண்டா என்றுதான் கேள்வி. இல்லை என்றார் அவர். உண்மையும் அதுதான். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். அப்புறம் யார் ஆஸ்பத்திரியில் இப்படி எழுதவைத்தது? அவரேவா? அப்படியானால் பிரிந்து போன பிறகு மறுபடி ஆரம்பித்துவிட்டாரா? அண்ணனிடம் சொல்லாதே என்றது அதைத்தானா? ஊருக்குத் தெரியாமல் பீடி குடித்துத் தள்ளிவிட்டு, என்னை முன்னால் நிறுத்தி நல்லவன் என்று சொல்லவைக்கப் பார்க்கிறாரா?

இரண்டு நாள் இப்படியே போனது. வேலையில் கவனமில்லை, ஒரு பிள்ளையின் டி.சி.யில் அப்பா பெயரைத் தப்பாக எழுதி ஹெட்மிஸ்ட்ரஸிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். கடைசியில் பொறுக்க முடியாமல் அண்ணனுக்கே போன் செய்தேன். எதையும் சொல்லக் கூடாது என்றுதானே சொன்னார், கேட்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"மாமா, அவரை மொதல்ல ஆஸ்பத்திரியில சேத்தப்ப வெவரமெல்லாம் யார் சொன்னது?"

"நாந்தான். வேற யாரு இருந்தா?" என்றார். அதில் ஒரு பெருமைகூட இருந்தது. "இவனுக்கு மூச்சு முட்டுது, பேச்சு வரல. சின்ன டாக்டரு ஒருத்தர் வந்து என்னையக் கூப்புட்டுத்தான் ஒண்ணொண்ணாக் கேட்டாரு. அம்புட்டுக்கும் நாந்தான் பதில் சொன்னேன்."

"பழக்கம் ஏதும் உண்டான்னு கேட்டாகளா?"

"கேட்டாக. பீடி, பொகையில ரெண்டும் உண்டுன்னேன். டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாதுல்ல? மறைச்சு வைத்தியம் தப்பாப் போச்சுன்னா?"

"அவரு விட்டு ரொம்ப வருசமாச்சே மாமா" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அப்போதுதான் அந்த மெசேஜ் புரிந்தது. மறுப்புக் கடிதம் இங்கிலீஷில் இருந்தது. பணம் தர மாட்டேன் என்கிறார்கள் என்பது மட்டும்தான் அண்ணனுக்குத் தெரியும். எந்த வார்த்தையால் அது நின்றுபோனது என்பது தெரியாது. தம்பியைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்ன ஒரு பதிலால்தான் தன் நிலம் அடமானத்தில் கிடக்கிறது என்று அந்த மனிதருக்குத் தெரியவே கூடாது என்று தம்பி நினைத்திருக்கிறார். அண்ணனை நியமித்தால் அவரிடம்தான் முதல் கேள்வியே வரும். அதனால்தான் அவர் பெயரை அழிக்கச் சொல்லியிருக்கிறார்.

புரிந்துவிட்டதே தவிர, குழப்பம் தீரவில்லை, இன்னும் கூடியது. என்னை நம்பி நியமித்தாரா, இல்லை அண்ணனை மறைக்க ஒரு ஆள் வேண்டும் என்று நியமித்தாரா? அவர் பழக்கத்தை விட்டதற்குப் பக்கத்தில் இருந்த ஒரே சாட்சி நான்தான் என்பதாலா? இதில் எதற்காக நான் சந்தோஷப்படுவது, எதற்காக வருத்தப்படுவது? அதைவிடப் பெரிய சிக்கல், ஆஸ்பத்திரிக் குறிப்பு தப்பு என்று நான் சொன்னால், தப்பாகச் சொன்னது யார் என்ற கேள்வி வருமே. அதற்கு என்ன பதில் சொல்வது?

விசாரணை நாளன்று இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். என் மகளின் பழைய லேப்டாப்பில்தான் வீடியோ. பிரிந்து போன பிறகு என் கணவர் இந்த வீட்டுக்குள் வருவது அதுதான் முதல் தடவை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் கூடத்தின் நடுவிலேயே நின்றார். அவர் வழக்கமாக உட்காருகிற இடத்தில் இப்போது தையல் மெஷின் இருந்தது.

அண்ணனை எப்படியாவது வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்தேன். "மாமா, கோயிலுக்கு வேணாப் போயிட்டு வாங்களேன். கூட்டம் இருக்காது" என்றேன்.

"சாமி எங்கத்தா போகப் போறாரு. இது முடியட்டும்."

"டீ வாங்கிட்டு வாரீகளா? வீட்டுல பால் இல்ல."

"அந்தா அடுப்புல காயுதே."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே விஷயத்தை நினைத்தோம் என்று தோன்றியது. அண்ணன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கேமராவில் தெரியாத மாதிரி ஓரமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தம்பி உதட்டை அசைத்தால் எனக்கு யார் எடுத்துச் சொல்வது என்பது அவர் கேள்வி.

விசாரித்த அதிகாரி ஒரு பெண்மணி. தமிழில்தான் பேசினார். முதலில் என் கணவரிடம், "உங்கள் சார்பில் பேச இவரை நியமித்தது நீங்கள்தானா?" என்று கேட்டார். அவர் தலையசைத்தார். கம்பெனி தரப்பில் ஒருவர், இன்னொரு சதுரத்துக்குள் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். பாலிசி எடுத்தபோது அவருக்கு எந்தப் பழக்கமும் இல்லை, ஆஸ்பத்திரிக் குறிப்பில் தவறு நேர்ந்திருக்கிறது, அன்று அவரால் பேச முடியவில்லை. "யாரோ" என்கிற சொல்லைக்கூடக் கவனமாகத் தவிர்த்தேன். குறிப்பு தானாகவே தன்னை எழுதிக்கொண்ட மாதிரிதான் பேசினேன்.

கம்பெனிக்காரர் சும்மா விடவில்லை. முதலில் நாங்கள் பிரிந்து வாழ்கிறோம் என்பதைக் கேள்விப்பட்டு வந்து கேட்டார். ஒரே வீட்டில் இல்லாத மனைவிக்கு இவருடைய பழக்கம் எப்படித் தெரியும் என்றார். எனக்கு முகம் சுட்டது. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை.

"பிரிஞ்சுதான் இருக்கோம்" என்றேன். "பாலிசி எடுத்தப்ப சேர்ந்து இருந்தோம். எங்க மகளுக்குக் கைக்குழந்தையில மூச்சிரைப்பு வந்துச்சு. புகையே பக்கத்துல ஆகாதுன்னு டாக்டர் சொன்னாங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைத் துவைச்சுப் போட்டவர்தான், அப்புறம் தொடல. வாய் நமநமன்னு இருக்குன்னு பையில கிராம்பு வச்சிருப்பார். வருசக்கணக்கா அந்தக் கிராம்பு வாசத்தோடதான் அவர் சட்டையைத் துவைச்சேன். பிரிஞ்ச பிறகு என்ன செஞ்சார்னு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்."

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கம்பெனிக்காரர் விடாமல், "மேடம், இதை மூன்றாம் மனுஷர் சொல்லவில்லை. நோயாளியின் சொந்த அண்ணன் சொன்னதாகத்தான் குறிப்பு இருக்கிறது. கூடப் பிறந்த அண்ணன் எதற்காகத் தம்பியைப் பற்றிப் பொய் சொல்லப் போகிறார்?" என்றார்.

என்னால் ஓரமாகத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் எழுந்து வந்து எங்களுக்குப் பின்னால் நின்று, லேப்டாப்பை நோக்கிக் குனிந்தார்.

"அய்யா, நாந்தான் அந்த அண்ணன். நான் பொய் சொல்லல. சின்ன வயசுல ஊர்ல இருந்தப்ப இவன் பீடி, பொகையில போடுறது எனக்குத் தெரியும். ஆனா எனக்கு முன்னாடி என்னைக்கும் போட்டதில்ல. மரியாத. அதனால இவன் விட்டதும் எனக்குத் தெரியல. போடுறான்னே நெனச்சேன்."

அதிகாரி கையை உயர்த்தினார். நியமிக்கப்பட்டவர் மட்டும்தான் பேச வேண்டும், மற்றவர்கள் குறுக்கிடக் கூடாது என்று சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை, ஆனால் உறுதியாகச் சொன்னார். அண்ணன் அப்படியே வாயை மூடிக்கொண்டார். அன்று ஆஸ்பத்திரியில் நடந்ததை நேரில் கண்ட இரண்டு பேரில் ஒருவருக்குக் குரல் இல்லை, இன்னொருவருக்கு அனுமதி இல்லை.

"அவர் சொன்னதை நீங்கள் உங்கள் தரப்பாகச் சொல்கிறீர்களா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். எதைச் சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொண்டாரோ அதைச் சொல்வதற்கு அவரிடமே அனுமதி கேட்கிற மாதிரி இருந்தது. அவர் அசையவில்லை. வேண்டாம் என்றும் இல்லை, சரி என்றும் இல்லை. பின்னால் திரும்பினேன். அண்ணன்தான், "சொல்லுத்தா" என்றார்.

சொன்னேன். அண்ணன் சொன்னது பழைய கதை, தம்பி விட்டது அவருக்குத் தெரியாது, தெரியாததற்குக் காரணம் அவர்களுக்குள் இருந்த மரியாதை, அவர் சொன்னதில் தப்புண்டு, பொய் இல்லை. அண்ணனைக் குற்றவாளியாக்குகிற வார்த்தைகளை, அவர் காதில் விழ, என் வாயால் சொன்னேன். அந்த நேரத்தில் நான் யாருக்காகப் பேசினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. என்னை நியமித்தவருக்காகவா, அவருக்காக உள்ளம் பதறி நின்ற அண்ணனுக்காகவா?

அண்ணன் சொன்னதைத் தவிர வேறு ஆதாரம், ஒரு பரிசோதனை, ஒரு மருந்துச் சீட்டு, ஏதாவது இருக்கிறதா என்று அதிகாரி கம்பெனிக்காரரைக் கேட்டார். அவர் தேடிப் பார்த்துவிட்டு, தற்போது இல்லை என்றார். முடிவு தபாலில் வரும் என்று சொல்லி விசாரணையை முடித்தார்கள். திரை கறுத்துப் போனது.

யாரும் எழுந்திருக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசம் வந்தது. நான் ஓடிப் போய் அணைத்துவிட்டு வந்தபோது அண்ணன் தம்பிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இதுக்காடா எம் பேர அழிக்கச் சொன்ன?" என்றார்.

என் கணவர் உதட்டை அசைத்தார். நிறைய நேரம் அசைத்தார். கழுத்துத் துணி வேகவேகமாக ஏறி இறங்கியது. அண்ணன் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன சொல்றாரு மாமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லத்தா" என்றார்.

அவ்வளவுதான். மூன்று பேருக்கும் சோறு போட்டேன். மறுக்காமல் சாப்பிட்டார்கள். என் கணவருக்குக் குழைத்துப் போட வேண்டும், மெதுவாகத்தான் விழுங்குவார் என்பதை அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்டேன். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் கணவர் வாசலில் நின்று என்னை நோக்கி ஏதோ சொன்னார். இந்தத் தடவை அண்ணன் வேண்டுமென்றே முன்னால் நடந்துவிட்டார். மொழிபெயர்க்க ஆளில்லை. நான் புரிந்த மாதிரி தலையாட்டி வைத்தேன். எதற்குத் தலையாட்டினேன் என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. கம்பெனி பணம் தர வேண்டும் என்று உத்தரவு. சில செலவுகளைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். அண்ணனின் நிலம் மீண்டது. அதைச் சொல்ல அவர் போன் செய்தபோது, வழக்கம்போலத் தம்பிக்கும் சேர்த்து அவரே பேசினார். முன்பெல்லாம் அவர் அப்படிப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு வரவில்லை.

நாங்கள் மறுபடி சேர்ந்துவிட்டோமா என்று பள்ளிக்கூடத்தில் சிலர் கேட்டார்கள். இல்லை. அவர் ஊரில்தான் இருக்கிறார், நான் இங்கேதான் இருக்கிறேன். மகள் லீவுக்கு வந்தால் இரண்டு இடத்துக்கும் போய் வருகிறாள். அவர் என்னை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று நேராகக் கேட்டு ஒரு மெசேஜ் அனுப்பலாம்தான். பலமுறை எழுதியும் பார்த்துவிட்டேன். அனுப்பவில்லை. சாட்சி என்பதற்காக மட்டும்தான் என்று பதில் வந்தால் தாங்குவேனா என்று தெரியவில்லை. வேறு காரணம் என்று பதில் வந்தாலும் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

ஆனால் இப்போதெல்லாம் ஆபீசில் யாராவது வந்து "எனக்காக நீங்க கொஞ்சம் பேசுங்களேன்" என்று கேட்டால், சரி என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிடம் அவர்களை உட்காரவைத்து, என்ன பேச வேண்டும் என்பதோடு, யார் மனது நோகாமல் பேச வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்கிறேன்.